கைக்குழந்தைக்கு வயிற்றால் போனால்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பாக்கெட்டை முதலில் எடுத்து, பின்பக்கத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறது எனப் பாருங்கள். இந்தியாவில் கிடைக்கும் எலக்ட்ரால் பெரிய பாக்கெட் 21.8 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. இங்கே பார்மசியில் விற்கும் டயோரலைட் என்ற ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 200 மில்லிக்கானது. பழக்கதோஷத்தில் ஊர்ப் பாக்கெட்டை 200 மில்லியில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்காகிவிடும். ஏற்கெனவே நீர் வற்றிய குழந்தைக்கு இரத்தத்தில் சோடியம் மேலும் ஏறி, வலிப்பு வரைக்கும் போகலாம். டயோரலைட்டை ஒரு லிட்டரில் கரைத்தாலும் தப்புதான். கிட்டத்தட்ட வெறும் தண்ணீரைக் கொடுத்த மாதிரி ஆகி, இழந்த உப்பு திரும்பக் கிடைக்காது. இரண்டு வகையையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

எது வயிற்றுப்போக்கு, எது இல்லை

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒவ்வொரு முறை பால் குடித்ததும் மஞ்சளாக, இளகலாக, கடுகு தூவியதுபோல் போகலாம். அது நோயல்ல. எண்ணிக்கையை விட மாற்றத்தைக் கவனியுங்கள். நேற்று வரை களிபோல் இருந்தது இன்று நாப்பியின் (டயப்பரின்) ஓரத்தில் தண்ணீராக வழிகிறது, வழக்கத்தை விடப் பலமுறை போகிறது, நாற்றம் மாறிவிட்டது, கூடவே வாந்தியோ காய்ச்சலோ இருக்கிறது என்றால் அது வயிற்றுப்போக்கு. பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். வாந்தி ஒன்றிரண்டு நாளில் நிற்கும். வயிற்றுப்போக்கு 5 முதல் 7 நாள் இழுக்கும், சிலருக்கு இரண்டு வாரம் வரை போகும். பல் முளைப்பதால் பேதியாகிறது என்று விட்டுவிடாதீர்கள். பல் முளைக்கும் மாதங்களில்தான் குழந்தை கண்டதையும் வாயில் வைக்கிறது, கிருமியும் அந்த வழியாகத்தான் போகிறது.

ஊர்ப் பழக்கத்தில் இங்கே ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஊசி கிடையாது, டிரிப் கிடையாது, ஆன்டிபயாட்டிக் எழுதமாட்டார்கள், "வீட்டுக்குப் போய்க் குடிக்கக் கொடுங்கள்" என்பார்கள். அலட்சியத்தால் அப்படிச் சொல்வதில்லை. வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் ஒரு வகையில் அது சிறுநீரகத்துக்கே ஆபத்தாகலாம். ஊரில் 14 நாள் கொடுக்கும் ஜிங்க் சிரப்பும் இங்கே வழக்கமாக எழுதப்படுவதில்லை. லோபரமைடு போன்ற, போக்கை நிறுத்தும் மாத்திரைகளைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

நீர் வற்றுவதைக் கண்டுபிடிப்பது

வீட்டில் உங்களுடைய உண்மையான வேலை இதுதான். குழந்தை சின்னதாக இருக்கச் சின்னதாக நீர் சீக்கிரம் தீர்ந்துபோகும். 6 மாதத்துக்குக் கீழே இன்னும் வேகம். ஒரு தாளில் நேரம் போட்டு எழுதுங்கள்: எத்தனை முறை போனது, எத்தனை முறை வாந்தி, எவ்வளவு குடித்தது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது.

சிறுநீர்க் கணக்கில்தான் ஏமாறுவது அதிகம். இன்றைய நாப்பியிலுள்ள ஜெல் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் தொட்டால் உலர்ந்தே இருக்கும். காய்ந்த நாப்பி ஒன்றில் இரண்டு முதல் நான்கு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். ஈரமான நாப்பியின் கனம் இதுதான். சந்தேகமிருந்தால் உள்ளே ஒரு பஞ்சுத் துண்டை வையுங்கள், சிறுநீர் போயிருந்தால் பஞ்சு ஈரமாகும். தண்ணீராகப் போகும் மலம் சிறுநீர் மாதிரி ஏமாற்றும், அதையும் மனதில் வையுங்கள். முதல் வாரம் கடந்த, நன்றாகப் பால் குடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளில் 6 ஈர நாப்பியாவது வரும். அது குறையத் தொடங்கினால் கவனம்.

மற்ற அடையாளங்கள்: உச்சிக்குழி உள்வாங்குவது, கண் குழி விழுவது, அழும்போது கண்ணீர் வராதது, நாக்கும் உதட்டின் உட்பக்கமும் வறள்வது, கை கால் சில்லிடுவது, எழுப்பினாலும் தூங்கி வழிவது. நம் நிறத்துக் குழந்தைகளுக்கு வெளிறுவதோ நீலம் பூப்பதோ கன்னத்தில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், நாக்கு, உதட்டின் உட்புறம் பாருங்கள்.

கொடுப்பது எப்படி

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், அடிக்கடி கொடுங்கள். பாட்டில் பாலையும் வழக்கமான அளவுக் கரண்டியில் அப்படியே கலக்குங்கள். "வயிறு தாங்காது" என்று தண்ணீர் கூட்டிக் கலந்தால் உணவும் குறையும், உப்பும் குறையும்.

ஓ.ஆர்.எஸ். தேவைப்படும் என்று தோன்றினால் பார்மசிஸ்டிடமோ 111 என்ற மருத்துவ உதவி எண்ணிலோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு வயதுக்குக் கீழே மருத்துவ ஆலோசனையோடுதான் கொடுக்க வேண்டும். ஒரு டயோரலைட் பாக்கெட்டை முழுசாக, கொதிக்க வைத்து ஆறவைத்த 200 மில்லி தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பாக்கெட் வேண்டாம், உள்ளே தூள் சமமாகப் பிரியாது. பாலில் கலக்கவும் வேண்டாம். கரைத்ததை ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். உடனே பிரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம். மீந்தால் கொட்டிவிடுங்கள்.

நீர் வற்றியிருப்பதாக மருத்துவர் சொன்னால், வழக்கமான கணக்கு ஒரு கிலோ எடைக்கு 50 மில்லி, 4 மணி நேரத்தில். 6 கிலோ குழந்தைக்கு 300 மில்லி. கேட்கப் பெரிதாக இருக்கும். 5 மில்லி கரண்டியால் 4 நிமிடத்துக்கு ஒன்று என்று கொடுத்தால் வந்துவிடும். ஒரே மூச்சில் 60 மில்லி ஊற்றினால் வயிறு விரிந்து அத்தனையும் வெளியே வரும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். இந்தக் கரைசலில் சர்க்கரை இருப்பது சுவைக்கல்ல; குளுக்கோஸ் குடல் சுவருக்குள் போகும்போது சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகும், தண்ணீர் அதன் பின்னாலேயே போகும். அளவு குலைந்தால் இந்த ஏற்பாடே குலைகிறது. அதனால்தான் இங்கே வீட்டில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்க வேண்டாம் என்கிறார்கள்.

குளுக்கோஸ் தூள், ஆப்பிள் ஜூஸ், சோடா வகைகள் வேண்டாம். அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு, ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஈடாகாது. வீடியோ காலில் பாட்டி "இது மாந்தம், உரைமருந்தைத் தேனில் குழைச்சுக் கொடு" என்பார். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது. குழந்தையின் குடலில் நச்சு உண்டாக்கும் கிருமி அதில் இருக்கலாம். உரைமருந்தில் எது எவ்வளவு உள்ளே போகிறது என்று அளக்க வழியில்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டமாட்டார்கள்.

காய்ச்சல் மருந்திலும் பாக்கெட் பிரச்சினைதான். இங்கே குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மி.கி. ஊரிலிருந்து வந்த சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 மி.கி. இருக்கலாம், நாலு மடங்குக்கும் மேல். இங்கே வாங்கியதையே, அதன் சிரிஞ்சாலேயே கொடுங்கள். நீர் வற்றிய குழந்தைக்கு ஐபுப்ரோபென் தவிர்க்க வேண்டும், சிறுநீரகத்துக்குச் சுமை.

யாரைக் கூப்பிடுவது

111 இணையப் பக்கம் 5 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். குழந்தைக்கு போனில் 111 அடியுங்கள். 24 மணி நேரமும் இலவசம். ஆங்கிலம் தடுமாறினால் "டமில் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்" என்று சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள், கட்டணம் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணனையோ, ஆங்கிலம் தெரிந்த மூத்த பிள்ளையையோ நடுவில் வைக்காதீர்கள். பிறந்த தேதி, எடை, போஸ்ட்கோட், நீங்கள் எழுதி வைத்த தாள், இவ்வளவும் கையில் இருக்கட்டும். ஜி.பி.யில் பதிவதற்கு விசாவோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. ஏ அண்ட் இ-யில் (மருத்துவமனையின் அவசரப் பிரிவில்) அவசர சிகிச்சை எல்லோருக்கும் இலவசம். காசுக்குப் பயந்து காத்திருக்காதீர்கள்.

111-க்கோ ஜி.பி.க்கோ அன்றே சொல்ல வேண்டியவை: குழந்தை பால் குடிப்பதை விட்டது, ஈர நாப்பி குறைந்தது, மலத்தில் இரத்தம், வாந்தி 2 நாளுக்கு மேல், வயிற்றுப்போக்கு 7 நாளுக்கு மேல், 3 மாதத்துக்குக் கீழே 38 டிகிரி, 3 முதல் 6 மாதத்துக்குள் 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். ஊரில் ஃபாரன்ஹீட் சொல்லிப் பழகியிருப்போம். 38 என்பது 100.4. அக்குளில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், நெற்றியில் ஒட்டும் பட்டை நம்பகமில்லை. குழந்தை அண்மையில் ஊருக்குப் போய் வந்திருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அப்போதுதான் மலப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

உடனே 999 (ஆம்புலன்ஸ்) அல்லது ஏ அண்ட் இ: பச்சை நிற வாந்தி, இரத்த வாந்தி, எழுப்ப முடியாத மயக்கம், உதடு நீலமாவது, மூச்சுத் திணறல். இன்னொன்று தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தை சில நிமிடங்களுக்கு ஒருமுறை காலை வயிற்றோடு மடக்கி வீறிடுகிறது, இடையில் துவண்டு கிடக்கிறது, மலம் சிவப்பு ஜெல்லிபோல் வருகிறது என்றால் அது குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டதாக இருக்கலாம். சிவப்பு ஜெல்லி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டிலும் நர்சரியிலும்

சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸை ஆல்கஹால் ஜெல் விரட்டாது. துண்டு ஆளுக்கொன்று. அழுக்குத் துணியை 60 டிகிரியில் தனியாகத் துவையுங்கள். ஒவ்வொரு நாப்பிக்கும் பிறகு தண்ணீரும் பஞ்சும் கொண்டு துடைத்து, ஈரம் போனபின் ஜிங்க் களிம்பு தடவினால் தோல் வெந்துபோகாது. கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம் முடியாமல் நர்சரிக்கு அனுப்ப முடியாது. நீச்சல் குளத்துக்கு இரண்டு வாரம். அம்மா அப்பா இருவரும் ஷிப்டில் வேலை என்றால் இந்த 48 மணி நேரத்துக்கு யார் வீட்டில் இருப்பது என்பதை முதல் நாளே பேசி வையுங்கள்.

வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டாவைரஸுக்கான தடுப்பு மருந்து 2013 ஜூலையிலிருந்து இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் 8, 12 வாரங்களில் வாயில் விடப்படுகிறது. முதல் தவணையை 15 வாரத்துக்குள் தொடங்காவிட்டால் பிறகு கிடைக்காது. இந்தியாவில் 6, 10, 14 வாரங்களில் கொடுப்பார்கள். அரைகுறையாகப் போட்டுவிட்டு வந்திருந்தால் ஊர்த் தடுப்பூசி அட்டையை ஜி.பி. பதிவின்போதே காட்டுங்கள். 24 வாரம் தாண்டிவிட்டால் மிச்சத் தவணையும் இல்லை.