குழந்தைக் குல்லாவுக்குச் சொந்தமாக ஒரு குரோஷே பேட்டர்ன் எழுதுவது எப்படி?

குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் பின்னத் தெரிந்த பலரும் சொந்த பேட்டர்ன் (பின்னும் குறிப்பு) என்றால் நோட்டில் படம் வரைந்த கையோடு நூலை எடுத்துவிடுகிறார்கள். குல்லாவின் உச்சி முடிந்து பக்கவாட்டுக்கு வரும்போதுதான் நினைத்த டிசைன் எண்ணிக்கைக்குள் அடங்கவில்லை என்று தெரியும். அப்புறம் பாதியைப் பிரிக்க வேண்டியதுதான். படம், நிறம் எல்லாம் இருக்கட்டும்; முதலில் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். உதாரணத்துக்கு, தலைச்சுற்றளவு 50 செ.மீ. உள்ள குழந்தைக்கு, கீழ்ப்பாதியில் ஷெல் டிசைன் (விசிறி போல விரியும் சிப்பி வடிவம்) வைத்த குல்லா.

இங்கே வரும் ஸ்டிட்ச் (கண்ணி) பெயர்கள் அமெரிக்க முறைப்படி: சிங்கிள் குரோஷே குட்டையான ஸ்டிட்ச், டபுள் குரோஷே அதைவிட உயரமானது. இந்த டபுள் குரோஷேவுக்கு பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள் என்று பெயர். எழுதும்போது எந்த முறை என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் படிப்பவர் கையில் வேறு உயரத்தில் வேறு குல்லா வரும்.

கேஜ் எடுப்பது

கேஜ் என்பது உங்கள் கையில், அந்த நூலில், அந்த ஊசியில் 10 செ.மீ.க்கு எத்தனை ஸ்டிட்ச், எத்தனை வரிசை வருகிறது என்ற கணக்கு. குல்லாவுக்குச் சதுரத் துண்டு பின்னி அளப்பது சரிப்படாது. சதுரத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் திருப்புகிறோம், குல்லாவில் திருப்புவதில்லை, இழுப்பு மாறும். அதனால் மேஜிக் ரிங்கில் (இழுத்து இறுக்கும் நூல் வளையம்) 12 டபுள் குரோஷேவில் தொடங்கி, சுற்றுக்கு 12 கூட்டி (ஒரே ஸ்டிட்சில் 2 போடுவதுதான் கூட்டல்), 5 சுற்று (60 ஸ்டிட்ச்) வட்டமாகப் பின்னுங்கள். அலசி, காயவைத்து, பிறகு அளவெடுங்கள். குறிப்பாகப் பருத்தி நூல் அலசிய பிறகு மாறும்.

விட்டம் 10 செ.மீ., விளிம்பைச் சுற்றி 30 செ.மீ. வந்தால் ஒரு ஸ்டிட்ச் அரை செ.மீ. அகலம், ஒரு சுற்று 1 செ.மீ. உயரம். 3.5 மி.மீ. ஊசியில் நடுத்தர நூலுக்கு இதை ஒட்டி வரும். உங்களுக்கு வேறாக வந்தால் உங்கள் எண்ணைத்தான் கீழே போட வேண்டும்.

சுற்றுக்கு ஏன் 12? வட்டத்தின் ஆரம் ஒரு சுற்று உயரம் கூடினால் சுற்றளவு அதைப்போல 6.28 மடங்கு கூடும். 1 செ.மீ. உயரத்துக்கு 6.28 செ.மீ.; அதை அரை செ.மீ. ஸ்டிட்சால் வகுத்தால் 12.5. அதனால் 12. சிங்கிள் குரோஷேவில் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம் என்பதால்தான் அங்கே 6. விளிம்பு ஃப்ரில் மாதிரி அலைந்தால் கூட்டியது அதிகம். கிண்ணம் மாதிரி குவிந்தால் குறைவு. 'இழுத்தால் சரியாகிவிடும்' என்று விடாதீர்கள், ஆகாது.

டிசைனோடு எண்ணைப் பொருத்துவது

குல்லா தலையைவிடச் சின்னதாக இருந்தால்தான் பிடிப்பாக நிற்கும். 10 சதவீதம் குறைத்தால் 50க்கு 45 செ.மீ., அதாவது 90 ஸ்டிட்ச். ஷெல் டிசைனில் ஒரு சிங்கிள், 2 விட்டு அடுத்த ஸ்டிட்சில் 5 டபுள், மறுபடி 2 விட்டு என்று 6 ஸ்டிட்சுக்கு ஒரு தடவை திரும்ப வருகிறது. 90ஐ 6ஆல் வகுத்தால் 15 ஷெல், மிச்சமில்லை. 92 என்று வந்திருந்தால் ஸ்டிட்சைத்தான் மாற்ற வேண்டும், ஷெல்லை அல்ல. ஒரு இடத்தில் மட்டும் 2 ஸ்டிட்ச் கூடுதலாக விட்டுச் சமாளித்தால் அந்த இடம் தனியாகத் தெரியும்.

ஆனால் ஷெல் போட்ட துணியின் அகலம் வெறும் டபுள் குரோஷே துணியின் அகலமாகவே இருக்கும் என்று நம்பக்கூடாது. 26 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, ஊசியிலிருந்து 2ஆவது செயினில் சிங்கிள் போட்டுத் தொடங்கி, 4 ஷெல் அகலத்துக்கு ஆறேழு வரிசை பின்னிப் பாருங்கள். இங்கே திருப்பித்தான் பின்னுவீர்கள் என்றாலும் அகலத்துக்கு இந்தத் துண்டு போதும். ஒரு ஷெல் 3 செ.மீ. வந்தால் கணக்கு சரி. 3.3 வந்தால் 15 ஷெல் 49.5 செ.மீ. ஆகி, குல்லா கண்ணை மறைக்கும். அப்போது 14 ஷெல்லாகக் குறைத்து, உச்சியை 84 ஸ்டிட்சில் நிறுத்துங்கள்.

உச்சியும் பக்கமும்

n ஆவது சுற்றில் (n-2) சாதா டபுள், அடுத்ததில் ஒரே ஸ்டிட்சில் 2, இதை 12 தடவை. 7ஆவது சுற்றில் 5 சாதா, ஒரு கூட்டல், மொத்தம் 84. 8ஆவது சுற்றில் 13 சாதா, ஒரு கூட்டல், 6 தடவை: 90. பாதிதான் கூட்டுவதால் இங்கேயே துணி வளையத் தொடங்கும். கூட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உச்சி பன்னிரண்டு மூலையாகத் தெரியும். ஒன்றுவிட்ட சுற்றில் கூட்டலை நடுவுக்கு நகர்த்தினால் வட்டமாகும்.

சுற்றின் தொடக்கத்தில் 2 செயின் போட்டு அதை எண்ணாமல், அதே இடத்தில் முதல் டபுள் குரோஷே போடுங்கள். சுற்றை இணைத்து முடிக்கும் ஸ்லிப் ஸ்டிட்ச் அந்த டபுள் மேல்தான். செயினில் போட்டால் சுற்றுக்கு ஒன்றாக எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

உச்சி 8 செ.மீ. குல்லாவின் மொத்த உயரம் 18 என்றால் ஷெல்லுக்கும் விளிம்புக்கும் 10 செ.மீ. ஷெல் சுற்றுகள் ஒற்றை, இரட்டை என்று மாறி வரும், எழுதும்போது அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒற்றைச் சுற்று சிங்கிளில் தொடங்கும். இரட்டைச் சுற்றில் அந்தச் சிங்கிள் மேல் 3 செயின், 2 டபுள் என்று ஷெல்லில் பாதிக்குமேல் போட்டு, சுற்று முடிவில் அதே சிங்கிளில் மீதி 2 டபுள் போட்டு, செயின் உச்சியில் இணைக்க வேண்டும். இங்கே மட்டும் 3 செயின் ஒரு டபுளாக எண்ணப்படும். அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

எழுதி முடிப்பது

பின்னும்போதே எழுதுங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் மொத்த எண்ணிக்கை கட்டாயம். ஷெல் சுற்றுக்கு ஷெல் எண்ணிக்கை. ஷெல் பகுதிக்கு மட்டும் குறியீட்டுப் படம் ஒன்று வரைந்தால் பாதி சந்தேகம் தீரும்: செயினுக்கு நீள்வட்டம், சிங்கிளுக்குப் பெருக்கல் குறி, டபுளுக்கு ஒரு குறுக்குக்கோடு போட்ட டி.

மற்ற அளவுகள் இந்த டிசைனில் சுலபம். 46 செ.மீ. தலைக்கு 14 ஷெல் (84 ஸ்டிட்ச், 7 சுற்று), 54க்கு 16 ஷெல் (96 ஸ்டிட்ச், 12 வீதம் 8 சுற்று). உயரம் முறையே 17, 19. நூல் அளவுக்கு முடிந்த குல்லாவை எடைபோட்டு 10 சதவீதம் கூட்டிப் போடுங்கள். நூல் பற்றாக்குறைதான் அடிக்கடி வரும் புகார்.

கடைசியாக, குரோஷே தெரிந்த வேறொருவரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பின்னச் சொல்லுங்கள். அவர் கேள்வி கேட்கும் ஒவ்வொரு வரியையும் திருத்துங்கள். அவர் குல்லா சின்னதாக வந்தால் முதலில் அவருடைய 5 சுற்று வட்டத்தின் விட்டத்தைக் கேளுங்கள், 9 செ.மீ. என்றால் பேட்டர்னில் தப்பில்லை, அவர் ஊசி அரை மி.மீ. பெரிதாக வேண்டும்.