ஒரு காதில் மட்டும் ஒலி வருகிறதா? முதலில் ஜாக்கின் துளையைப் பாருங்கள்

கையடக்க மியூசிக் பிளேயரில் ஒரு பக்கம் மட்டும் ஒலி வந்தாலோ, விட்டுவிட்டு வந்தாலோ, பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் பிளேயரை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியின் நுனியை ஹெட்போன் ஜாக்கின் துளைக்குள் மெதுவாக விட்டு, அடியில் படிந்த தூசியைச் சுரண்டி எடுங்கள்.

சட்டைப் பையில் கிடக்கும் கருவிக்குள் துணித்தூசி புகுந்துகொள்ள, பிளக்கைச் செருகும் ஒவ்வொரு முறையும் அது அடியில் கெட்டியாக இறுகுகிறது. 3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக்கின் நுனி இடது காதுக்கும், அடுத்த வளையம் வலது காதுக்கும், அதற்குப் பிந்தைய பகுதி இரண்டுக்கும் பொதுவாகவும் இருப்பதால், பிளக் சற்றே வெளியே நின்றாலும் தொடுமுனைகள் இடம் மாறிவிடுகின்றன. செருகும்போது 'டிக்' என்று உட்காரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஊசியையோ சேஃப்டி பின்னையோ தயவுசெய்து உள்ளே விடாதீர்கள். உள்ளிருக்கும் மெல்லிய உலோகப் பட்டைகள் வளைந்துவிட்டால் சிறு கோளாறு பெரிதாகிவிடும்.

வேறொரு ஹெட்போனில் ஒலி சரியாக வந்தால், பழுது பழைய ஹெட்போனின் வயரில் இருக்கக்கூடும். எந்த ஹெட்போனைச் செருகினாலும், பிளக்கை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் ஒலி வருகிறது என்றால், ஜாக்கின் சால்டரிங் விட்டிருக்கலாம் அல்லது உட்பட்டைகள் தளர்ந்திருக்கலாம். அதற்குச் சுத்தம் செய்வது பயன்படாது, மீண்டும் பற்றவைக்கவோ ஜாக்கையே மாற்றவோ வேண்டும்.