ஸ்டாரெட்ஸ்னா சாமியார் இல்லப்பா: ரஷ்ய சிம்பாலிஸ்டுகளப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாசிப்பு குரூப்புல புதுசா சேர்ந்த பசங்க ரஷ்ய சிம்பாலிஸ்டுகளப் (1900 வாக்குல குறியீட்டு பாணில எழுதினவங்க) பத்தி கட்டுரை அனுப்புறாங்க, இருபது வருஷத்துக்கு முன்னாடி நான் விழுந்த அதே குழிலதான் விழுறாங்க. பேரு உச்சரிப்பு, வருஷம் இதெல்லாம் விடுங்க, யாரு வேணா திருத்திடலாம். நான் சொல்றது ஸ்டாரெட்ஸ், அதாவது மடத்து மூத்த துறவி, மடம், மதம் இந்த விஷயத்துல வர்ற தவறுகள.

குதெயாரோவ ஸ்டாரெட்ஸ் ஆக்காதீங்க

இதான் எனக்கு இன்னும் எரிச்சல். சிம்பாலிஸ்ட் எழுத்தாளர் அந்திரேய் பெலியோட 'வெள்ளிப் புறா' (1909) நாவல்ல தச்சன் குதெயாரோவ் ஒரு ரகசியக் கூட்டத்துக்குத் தலைவன், தார்யால்ஸ்கிங்குற கவிஞன் நிச்சயம் பண்ண பொண்ண விட்டுட்டு அவன் பின்னாடி போய் கடைசில கொலையாகுறான். ஜெபம், பக்திப் பேச்சு, சுத்தி ஒரு கூட்டம், இதப் பாத்துட்டு நான் "ஆப்டினா மடத்து ஸ்டாரெட்ஸ் மரபு"ன்னு நாலு பக்கம் எழுதி, அது ஒரு சிறுபத்திரிகைல அச்சாகியும் போச்சு. ஒரு வாசகர் போஸ்ட் கார்டுல ஒரே வரி எழுதினார்: "சார், அது க்லிஸ்தி மாதிரி கூட்டம், சர்ச்சுக்கு வெளிய." மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?

ஸ்டாரெட்ஸ்னா சர்ச்சுக்குள்ளயே இருக்குற மூத்த துறவி, சீடன் மனசுல ஓடுறத ஒளிக்காம அவருகிட்ட சொல்லிட்டு அவர் சொல்படி நடப்பான். க்லிஸ்தி மாதிரி அருள் வந்து ஆடுற கூட்டம் வேற. பெலிக்கு இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும், மாஸ்கோ தோன்ஸ்கோய் மடத்துல ஓய்வுல இருந்த பிஷப் அந்தோனி ஃப்ளோரென்சோவ்கிட்ட போய் வந்தவர்தான் அவரு. துறவியாகணும்னு வந்து நின்ன, பின்னாடி இறையியலாளரான ஃப்ளோரென்ஸ்கிய 1904ல அதே பிஷப்தான் முதல்ல இறையியல் அகாடமில போய்ப் படிப்பான்னு அனுப்பினார். குதெயாரோவ் யாரையாவது அப்படி அனுப்புவானா?

ரஸ்புதின்

ஜார் குடும்பத்துகிட்ட செல்வாக்கா இருந்த இவரையும் ஸ்டாரெட்ஸ்னு எழுதுறாங்க. துறவியும் இல்ல, பாதிரியாரும் இல்ல. அடுத்தது.

எல்லாத்தையும் ஜோசிமாலேர்ந்தே ஆரம்பிக்கிறது

1878ல மகனப் பறிகொடுத்த தஸ்தயேவ்ஸ்கி தத்துவவாதியும் கவிஞருமான விளாதிமிர் சொலொவ்யோவ்கூட ஆப்டினா போய் அங்க இருந்த ஸ்டாரெட்ஸ் அம்வ்ரோசியப் பாத்தாரு, 'கரமசோவ் சகோதரர்கள்' நாவல்ல வர்ற ஸ்டாரெட்ஸ் ஜோசிமா பாத்திரத்துல அதோட சாயல் இருக்கு, சரி. ஆனா பெலி மனசுக்கு நெருக்கமான பேரு சாரோவ் மடத்துத் துறவி செராஃபிம். 1833ல இறந்தவர புனிதர்னு அறிவிச்சது 1903லதான், அப்ப பெலிக்கு 22 வயசு, மாஸ்கோல அவரு நண்பர்கள் வட்டம் முழுக்க இதே பேச்சு. இத விட்டுட்டு கரமசோவையே சுத்திட்டிருந்தா எப்படி?

எல்லாரையும் மடத்துக்கு அனுப்பாதீங்க

சிம்பாலிஸ்ட் கவிஞர் ப்ளோக்குக்கு சொலொவ்யோவ் கவிதையே போதுமா இருந்துச்சு.

தொப்ரொல்யூபோவ்

இவரும் சிம்பாலிஸ்ட் கவிஞர்தான். சொலொவெத்ஸ்கி மடத்துல சேர்ந்தாரு, வெளிய வந்தாரு, வோல்கா பக்கம் தனியா ஒரு கூட்டமே ஆரம்பிச்சுட்டாரு. முதல் வரியோட நிறுத்திட்டு "மடத்துக் கவிஞர்"னு தலைப்பு வெச்ச கட்டுரை போன மாசம்கூட ஒண்ணு வந்துச்சு.