இருட்டினால் தானே எரியும் எல்இடி: ஒரு ஆப் ஆம்ப் போதும்

எலெக்ட்ரானிக்ஸில் முதலில் என்ன செய்து பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது இந்தச் சர்க்யூட்டைத்தான். புரோகிராம் வேண்டாம், சால்டரிங் வேண்டாம். இரண்டு வோல்டேஜுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பல மடங்கு பெருக்கும் ஆப் ஆம்ப் எப்படி முடிவெடுக்கிறது என்பதை மல்டிமீட்டரிலேயே பார்த்துவிடலாம்.

வாங்க வேண்டியவை: எல்எம்358 ஐசி (ஆப் ஆம்ப் இதற்குள்தான்), எல்டிஆர் (வெளிச்சத்துக்கேற்பத் தடை மாறும் ரெசிஸ்டர்), 10 கே பாட் (திருகி மாற்றும் மூன்று கால் ரெசிஸ்டர்; கே என்றால் ஆயிரம் ஓம்), எல்இடி, 10 கே, 1 கே, 220 கே ரெசிஸ்டர்கள் ஒவ்வொன்று, 9 வோல்ட் பேட்டரி, பிரெட்போர்டு (கால்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை), ஜம்பர் வயர்கள். கடையில் 741 என்ற வேறொரு ஆப் ஆம்ப் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே பேட்டரியில் ஓட்டும்போது அதன் அவுட்புட் பூஜ்யம் வரை இறங்காது. 2 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். எல்இடி முழுதாக அணையாமல் மங்கலாக எரியக்கூடும். எல்எம்358 கிட்டத்தட்ட கிரவுண்ட் (பேட்டரியின் மைனஸ்) வரை இறங்கும்.

முதலில் ஐசியைத் தொடவே வேண்டாம். 10 கே ரெசிஸ்டரின் ஒரு காலை பிளஸ் வரிசையில் செருகுங்கள். மறுகாலை எல்டிஆரின் ஒரு காலோடு சேருங்கள். எல்டிஆரின் இன்னொரு கால் மைனஸுக்குப் போகட்டும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கருப்பு முனையை மைனஸிலும் சிவப்பு முனையை அந்தச் சந்திப்பிலும் வையுங்கள். நல்ல வெளிச்சத்தில் 2, 3 வோல்ட் போல இருக்கும். எல்டிஆரை விரலால் மூடுங்கள்: எண் சரசரவென்று ஏறும். வெளிச்சம் குறையக் குறைய எல்டிஆரின் தடை கூடுவதால் வரும் ஏற்றம் அது. இந்த எண் அசையாவிட்டால் மேலே போகாதீர்கள். எங்கோ ஒரு கால் சரியாகச் செருகப்படவில்லை.

சரி, இப்போது ஐசி. பிரெட்போர்டின் நடுப்பள்ளத்துக்கு இருபுறமும் கால்கள் வரும்படி, அரைவட்ட வெட்டு இடப்பக்கம் இருக்குமாறு அழுத்துங்கள். கீழ்வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 4. மேல்வரிசையில் வலமிருந்து இடமாக 5 முதல் 8. எட்டாவது கால் பிளஸுக்கு, நான்காவது மைனஸுக்கு. சந்திப்பிலிருந்து ஒரு வயர் மூன்றாவது காலுக்கு. பாட்டின் இரு ஓரக் கால்கள் பிளஸ், மைனஸுக்கு; நடுக்கால் ஐசியின் இரண்டாவது காலுக்கு. முதல் காலிலிருந்து 1 கே வழியாக எல்இடியின் நீளமான கால். குட்டைக் கால் மைனஸுக்கு. இந்த ஐசிக்குள் இரண்டு ஆப் ஆம்ப் உண்டு. சும்மா இருக்கும் இரண்டாவதுக்கு 6, 7 இரண்டையும் சேர்த்து, 5ஐ மைனஸில் கட்டிவிடுங்கள்.

மூன்றாவது காலின் வோல்டேஜ் இரண்டாவதைவிடக் கூடினால் அவுட்புட் 7.5 வோல்ட் அளவுக்கு ஏறும். குறைந்தால் பூஜ்யத்துக்கு இறங்கும். ஆப் ஆம்ப்பின் பெருக்கம் ஒரு லட்சம் மடங்கு அளவில் இருப்பதால் ஒரு மில்லிவோல்ட் வித்தியாசமே போதும். எந்த மங்கலில் விளக்கு எரிய வேண்டுமோ அந்த மங்கலில் அறையை வைத்துக்கொண்டு, எல்இடி எரியத் தொடங்கும் வரை பாட்டை மெல்லத் திருகுங்கள்.

இத்தோடு நிறுத்தும் விளக்கங்கள் நிறைய. எனக்கு அது போதாது. உண்மையான அந்தி மெதுவாக வரும்; இரண்டு வோல்டேஜும் ஏறக்குறைய சமமாகவே சில நிமிடம் நிற்கும். அந்த நேரம் முழுக்க எல்இடி படபடக்கும். எல்இடியின் வெளிச்சமே எல்டிஆர் மேல் விழுந்தால் இன்னும் மோசம்: எரிந்ததும் அணையும், அணைந்ததும் எரியும். அதனால் இரண்டையும் எதிரெதிராக வைக்காதீர்கள். அப்புறம் அந்த 220 கே ரெசிஸ்டரை முதல் காலுக்கும் மூன்றாவது காலுக்கும் இடையில் போடுங்கள். அவுட்புட் ஏறியதும் அது மூன்றாவது காலையும் சுமார் 0.15 வோல்ட் மேலே தூக்கிவிடும். இனி எல்இடி அணைய வேண்டுமென்றால் வெளிச்சம் நன்றாகவே கூட வேண்டும். இந்த இடைவெளிக்குப் பெயர் ஹிஸ்டரிசிஸ். ரெசிஸ்டரைக் கழற்றியும் மாட்டியும், விரலை மெல்ல நகர்த்திப் பாருங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பெரிய விளக்கு வேண்டுமென்றால் பேட்டரிக்குப் பதில் 12 வோல்ட் அடாப்டர், முதல் காலிலிருந்து 4.7 கே வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸ், கலெக்டருக்கும் பிளஸுக்கும் இடையில் 12 வோல்ட் ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்), எமிட்டர் மைனஸுக்கு. ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். அது இல்லாவிட்டால் ரிலே விடுபடும்போது எழும் வோல்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். ரிலேயில் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் மட்டும் மாட்டுங்கள். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை பிரெட்போர்டு பக்கமே கொண்டுவரக் கூடாது.