கரண்டிக்கு முன் கோப்பை: நார்ச்சத்துத் தூளைத் தொடங்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியில் மருந்துக்கடையொன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், புரட்டாசி முடிந்த இரண்டாவது வாரத்தில் வாடிக்கையாளர்கள் எதைக் கேட்டு வருவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். விரத மாதம் முழுவதும் பருப்பும் பீன்ஸும் கீரையும் உண்டு சுகமாக இருந்த வயிறு, ஆட்டுக்கறிக்கும் வெள்ளை ரொட்டிக்கும் திரும்பிய சில நாட்களிலேயே அடைத்துக்கொள்ளும். "அண்ணே, அந்த நார்த்தூள் ஒரு டப்பா கொடுங்கள்" என்று வந்து நிற்பார்கள். டப்பாவை எடுத்துக் கொடுக்க அரை நிமிடம் போதும். அதை எப்படிக் குடிப்பது என்று சொல்லத்தான், வரிசை நீண்டிருக்கும் கடையில், நேரம் கிடைப்பதில்லை.

முதல் படி: நீங்கள் தொடங்கலாமா என்று பாருங்கள்

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், குடல் சுருங்கியோ அடைபட்டோ இருப்பதாக முன்பே அறிந்தவர்கள், இதய அல்லது சிறுநீரகக் கோளாறால் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கச் சொல்லப்பட்டவர்கள், கோடீன், மார்ஃபின் போன்ற கடும் வலிநிவாரணிகளால் மலச்சிக்கல் வந்தவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக் குறைவு, இரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென மாறிய மலப் பழக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், தூளால் அதை மூடி மறைக்காமல் முதலில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வாந்தியும் வயிற்று வீக்கமும் சேர்ந்து வந்து, வாயுகூடப் பிரியாமல் இருந்தால், அது தூளுக்கான நேரமே அன்று; நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: தட்டைக் கணக்கிடுங்கள்

பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வெள்ளை ரொட்டித் துண்டு ஒன்றில் ஏறத்தாழ ஒரு கிராம்தான் இருக்கும். வெந்த பீன்ஸ் (பச்சைக் காய் அன்று, காய்ந்த விதை) ஒரு கோப்பையில் பத்து கிராமுக்கு மேல் கிடைக்கும். ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி நிரப்பித் தரும் நம் ஊர் பன்னி சௌவில் குற்றம் ரொட்டியுடையது, குணம் உள்ளே இருக்கும் பீன்ஸ் கறியுடையது என்று நான் சொல்வதுண்டு. நார்ச்சத்தின் மீது உலகின் கண் திரும்பியதிலும் இந்த நாட்டுக்குப் பங்குண்டு: ஜோகன்னஸ்பர்க்கில் பணியாற்றிய ஆய்வாளர் அலெக்சாண்டர் வாக்கர், அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட்டுடனும் இன்னொருவருடனும் சேர்ந்து 1972-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, நார் மிகுந்த உணவு உண்போரின் மலம் எடை கூடி, குடலை விரைவாகக் கடந்து செல்வதைக் காட்டியது. ஆகவே இரண்டு நாட்கள் உண்டவற்றை எழுதிப் பாருங்கள். தினம் ஒரு கோப்பை பருப்பும் தோலோடு ஒரு பழமும் சேர்த்தாலே குறை தீர்ந்துவிடுமானால், டப்பா வாங்கும் செலவு மிச்சம்.

மூன்றாம் படி: தூளைத் தேர்ந்தெடுங்கள்

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இசப்கோல் உமிதான். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பெருமளவில் விளையும் ஒரு சிறு செடியின் விதைமேல் இருக்கும் உமி அது. தண்ணீரில் ஊறிக் கூழாகி, குடலின் கடைசிவரை அந்த நீரை விடாமல் பிடித்துக்கொள்வதால் இறுகிய மலம் இளகுகிறது. அதே காரணத்தால் நீர்த்த மலம் சற்றுத் திரளவும் செய்கிறது. குடல் நுண்ணுயிர்கள் இதை அதிகம் நொதிக்க வைப்பதில்லை என்பதால் வாயுத் தொல்லையும் குறைவு. சிக்கரி வேரிலிருந்து எடுக்கப்படும் இன்யூலின் என்ற இன்னொரு நார்த்தூள் விரைவாக நொதிப்பதால் பலருக்கு வயிற்றை ஊத வைக்கிறது. கோதுமை ஒவ்வாதவர்கள் கோதுமைத் தவிட்டையும் அதைச் சார்ந்த தூள்களையும் தவிர்க்க வேண்டும். சில வகைகளில் சர்க்கரை கலந்திருக்கும் என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் டப்பாவின் பின்புறத்தைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

நான்காம் படி: அளந்து, கலந்து, குடியுங்கள்

தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன. என் தவறும் இங்கேதான் நடந்தது. முதன்முறை குடித்தபோது, அரைக் கோப்பைத் தண்ணீரில் இரண்டு கரண்டித் தூளைப் போட்டு, தொலைபேசியில் பேசி முடித்துவிட்டு வந்து குடித்தேன். அதற்குள் கெட்டிக் கூழாகிவிட்டிருந்த அது தொண்டையில் நின்றுகொண்டது. மனைவி முதுகில் தட்டித் தட்டித்தான் வெளியே வந்தது. இத்தனைக்கும் நான் மருந்துக்கடைக்காரன்!

உலர்ந்த தூளை ஒருபோதும் வாயில் கொட்டிக்கொள்ளாதீர்கள். முதல் வாரம் நாளொன்றுக்கு ஒரே வேளை, சுமார் 3 கிராம் போதும். முழு உமி இலேசானது, அரைத்த தூள் கனமானது. ஆகவே ஒரே தேக்கரண்டியில் இரண்டும் ஒரே எடை நிற்பதில்லை. டப்பாவோடு வரும் கரண்டியையோ சமையலறைத் தராசையோ பயன்படுத்துங்கள். முதலில் 250 மில்லிலிட்டர் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு, பிறகு தூளைத் தூவிக் கிளறி, நின்றபடியோ நிமிர்ந்து உட்கார்ந்தபடியோ உடனே குடியுங்கள். அதன் பின்னால் இன்னொரு கோப்பைத் தண்ணீரும் குடிப்பது நல்லது. தூளை டப்பாவிலிருந்து எடுக்கும்போது பறக்கவிடாதீர்கள், மூச்சில் ஏறினால் சிலருக்கு ஒவ்வாமை வரும். படுக்கப் போகும் நேரத்தில் குடிக்க வேண்டாம். குடித்த பின் நெஞ்சில் வலியோ விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமோ ஏற்பட்டால் காத்திருக்காமல் அவசர உதவியை நாடுங்கள்.

காவடிக்காகவோ வேறு வேண்டுதலுக்காகவோ தண்ணீரும் அருந்தாமல் இருக்கும் நாளில் தூளை விட்டுவிடுங்கள். இங்கே கோடையான ஜனவரி வெயிலில் வியர்த்துக் கொட்டும் நாட்களில் தண்ணீரைக் கூட்டிக்கொள்ளுங்கள். நீர் போதாவிட்டால் இதே தூள் மலச்சிக்கலை இன்னும் இறுக்கிவிடும்.

ஐந்தாம் படி: மாத்திரைகளிலிருந்து தள்ளி வையுங்கள்

கூழ் மாத்திரைகளையும் தன்னோடு பிடித்துக்கொள்ளக்கூடும். மற்ற மருந்துகளுக்கும் தூளுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரமும், தைராய்டு மாத்திரையானால் நான்கு மணி நேரமும் இடைவெளி விடுங்கள். டிகாக்சின், லித்தியம், கார்பமாசெபின் ஆகிய மருந்துகளை எடுப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை இசப்கோல் சற்றுக் குறைக்கும் என்பதால், இன்சுலின் போடுபவர்கள் சர்க்கரை அளவைக் கவனித்துக்கொண்டே தொடங்க வேண்டும். நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத குடும்பத்தை எண்ணிவிடலாம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆறாம் படி: மெதுவாகக் கூட்டுங்கள்

பலன் தெரிய 12 முதல் 72 மணி நேரம் ஆகலாம். முதல் நாளே ஒன்றும் நடக்கவில்லை என்று இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பி, கோயில் பந்தியில் நெளிய வேண்டியதுதான். முதல் வாரம் ஒரு வேளை. வயிறு ஏற்றுக்கொண்டால் அடுத்த வாரம் இரண்டு வேளை. தேவைப்பட்டால் மட்டும் மூன்று. உப்புசம் வந்தால் முந்திய அளவுக்கு இறங்கி, சில நாட்கள் அங்கேயே நில்லுங்கள். மலத்தின் தன்மையை ஏழு வகையாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அளவுகோலில் மூன்றாவதும் நான்காவதும், அதாவது முக்காமல் வெளியேறும் மென்மையான உருளை வடிவம், உங்கள் இலக்கு. அது வந்துவிட்டால் மேலும் கூட்ட வேண்டாம். ஒரு வாரம் முறையாகக் குடித்தும் மாற்றமே இல்லையென்றால் தூளை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பலன் கிடைத்து, பீன்ஸ் சட்டியும் வாரம் நான்கைந்து நாள் அடுப்பில் ஏறத் தொடங்கிவிட்டால், ஏறிய வழியிலேயே, ஒவ்வொரு வாரமும் நாளளவில் ஒரு வேளையைக் குறைத்துக்கொண்டு இறங்கலாம்.