கருத்தரிக்கும் முன்பே ஹார்மோன் குலைக்கும் வேதிப்பொருள்களைக் குறைப்பது எப்படி?

ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடும் வேதிப்பொருள்களுக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல மனித ஆய்வுகள் காட்டினாலும், குறிப்பிட்ட ஒரு கர்ப்பம் இன்ன பொருளால்தான் கலைந்தது என்று அவற்றைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆரம்ப மாதங்களில் நேரும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் கருவின் குரோமோசோம் பிழைகளே காரணம். எனவே நடந்ததற்குத் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதற்கு இதில் இடமில்லை. எந்தப் பொருள் உடலில் எத்தனை காலம் தங்கும் என்று பார்த்து, அந்த வரிசையில் வேலையைத் தொடங்குவதே பயன் தரும்.

ஆண்டுக்கணக்கில் தங்குபவை முதலில். எண்ணெய் ஊறாத உணவுத் தாள், கறை படியாத துணி முதலியவற்றில் பயன்படும் ‘பிஎஃப்ஏஎஸ்’ என்னும் ஃபுளோரின் சேர்மங்கள் சிலவற்றின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறையவே சில ஆண்டுகள் ஆகும் என்பதால், கர்ப்பம் உறுதியான பிறகு விழித்துக்கொள்வதால் பெரிய பலன் இராது. உங்கள் குடிநீரில் இவை இருப்பதாகத் தெரிந்தால், கொதிக்கவைப்பதால் அவை நீங்கா. ஆர்ஓ வடிகட்டியோ கரி வடிகட்டியோ அவற்றைக் குறைக்கும், ஆனால் கரியை உரிய காலத்தில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கெட்டியான பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் பிஸ்பினால்-ஏ (பிபிஏ), பிளாஸ்டிக்கை வளையச் செய்யச் சேர்க்கும் தாலேட்டுகள் ஆகியவற்றின் கதை வேறு. இவை பெரும்பாலும் ஓரிரு நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடுகின்றன. நாள்தோறும் புதிதாக உள்ளே போவதுதான் சிக்கல் என்பதால், பழக்கத்தை மாற்றிய சில நாள்களிலேயே உடலில் இவற்றின் அளவு இறங்கும். சூடான உணவைப் பிளாஸ்டிக்கில் ஊற்றாமலும், மைக்ரோவேவில் பிளாஸ்டிக்கை வைக்காமலும் இருப்பதே இதில் முதல் வேலை. கண்ணாடியும் எவர்சில்வரும் போதும். அமெரிக்காவில் ஓர் ஆய்வகத்தில் பாலிகார்பனேட் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன எலிக்கூண்டுகளைத் தவறுதலாகக் காரத்தன்மை மிகுந்த சோப்பில் கழுவியதால் பிஸ்பினால்-ஏ கசிந்து, பெண் எலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம் பிழைகள் கூடியதை 2003இல் வெளியிட்டார்கள். எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று பொருளல்ல. ஆனால் கீறல் விழுந்து மங்கிப்போன பழைய பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் போட இந்தக் காரணமே எனக்குப் போதும்.

கடை ரசீதை நகத்தால் கீறிப் பாருங்கள். கருங்கோடு விழுந்தால் அது வெப்பத்தாள். அதன் பூச்சில் பிஸ்பினால்-ஏ அல்லது அதன் உறவுப் பொருளான பிஸ்பினால்-எஸ் இருக்கக்கூடும். சானிடைசர் அல்லது கிரீம் தடவிய ஈரக் கையால் அதைத் தொட்டால் தோல் வழியே கூடுதலாக உள்ளே போகும் என்பதால், தேவையில்லாத ரசீதை வாங்காமல் விடுவதும், வாங்கினால் சாப்பிடும் முன் கை கழுவுவதும் நல்லது. ‘பிபிஏ இல்லை’ என்ற முத்திரையை அப்படியே நம்ப வேண்டாம். மாற்றாக வந்த பொருளும் பெரும்பாலும் அதே குடும்பம்தான்.

வாசனையூட்டிய லோஷன், ஸ்பிரே ஆகியவற்றில் தாலேட்டுகள் இருக்கக்கூடும் என்பதால், அவற்றை வாசனையில்லாதவையாக மாற்றலாம். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைத்தால் தூசியோடு ஒட்டிய வேதிப்பொருள்கள் காற்றில் பறக்கமாட்டா.

மருத்துவர் எழுதிய மாத்திரையை மட்டும் இந்தப் பயத்தில் நிறுத்தக்கூடாது. இரண்டு முறை கரு கலைந்திருந்தால் தைராய்டு, இரத்தம் உறைவதைத் தூண்டக்கூடிய ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள், கருப்பையின் அமைப்பு ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைக் கேட்டுப் பெறுங்கள். உங்களுக்கோ கணவருக்கோ பூச்சிமருந்து, கரைப்பான், பிளாஸ்டிக் உருக்கும் வேலை இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே அவரிடம் சொல்லிவிடுங்கள்.