மஜ்ஜையில் நுரையீரல் புற்றைத் தேடும்போது நேரும் தவறுகள்

நுரையீரல் புற்றுநோய், அதிலும் ஸ்மால் செல் வகை, எலும்பு மஜ்ஜைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து மாதிரி எடுப்பார்கள். ஊசியால் உறிஞ்சி எடுத்ததை மட்டும் பார்த்துவிட்டு 'பரவவில்லை' என்று எழுதிவிடுவதுதான் நான் அதிகம் அஞ்சும் தவறு. புற்று மஜ்ஜையில் திட்டுத்திட்டாகத்தான் உட்காரும். உட்கார்ந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து செல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டால், சிரிஞ்சை எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் வராது. இந்த 'ட்ரை டேப்'பை ஊசி போட்டவரின் கைப்பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள், அதுவே ஒரு தடயமாக இருக்கலாம். எலும்போடு சேர்த்து மஜ்ஜையை ஒரு துண்டாக எடுக்கும் ட்ரெஃபைன் பயாப்ஸியும் வேண்டும். துண்டு 2 செ.மீ. நீளமாவது இருப்பது நல்லது. ஃபார்மலினில் போடுவதற்கு முன் அதை ஸ்லைடில் மெல்ல ஒற்றி எடுத்தால் செல்களைப் பார்க்க இன்னொரு வழி கிடைக்கும்.

உறிஞ்சி எடுத்ததை ஸ்லைடில் மெல்லிதாகப் பரப்பிய ஸ்மியரின் நடுப்பகுதியோடு நிறுத்திக்கொள்வதும் ஆபத்து. புற்றுசெல் கொத்துகள் ஓரத்துக்கும் வால் பகுதிக்கும் இழுபட்டுப் போயிருக்கும். குறைந்த பெருக்கத்தில் முழு ஸ்லைடையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனால் கொத்தாக நிற்பதெல்லாம் புற்று அல்ல, எலும்பை உருவாக்கும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களும் அப்படித்தான் கூடி நிற்கும்.

அப்புறம், எனக்கு மனசே ஆறாத இடம் ஒன்று உண்டு. எலும்புத் துண்டைச் சீவுவதற்கு முன் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தை நீக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் போன்ற கடும் அமிலத்தில் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், செல்லின் வடிவமும் ஓரளவு தெரியும். ஆனால் டி.என்.ஏ. சிதைந்துபோகும். அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்று வகை உள்ள நோயாளிக்கு எந்த மாத்திரை என்பதை ஈ.ஜி.எஃப்.ஆர். போன்ற மரபணுச் சோதனைகள்தான் சொல்கின்றன. வேறு திசு கைவசம் இல்லையென்றால் அவரை மறுபடியும் ஊசிக்குப் படுக்கவைக்க வேண்டியிருக்கும். அமிலத்துக்குப் பதிலாகச் சுண்ணாம்பை மெல்ல நீக்கும் இ.டி.டி.ஏ. கரைசல் கூடுதல் நேரம் கேட்கும். கேட்கட்டும், கொடுங்கள். உறிஞ்சி எடுத்ததில் ரத்தக்கட்டி இருந்தால் அதை மெழுகில் பதித்துத் தனி பிளாக்காக வையுங்கள், எலும்பு கலக்காத கட்டிக்கு அமிலமே தேவையில்லை.

நிறச்சோதனையில் செல்லின் வகையைக் காட்டும் ஒரே மார்க்கரை நம்ப வேண்டாம். சி.டி.56 ஸ்மால் செல் புற்றில் வரும், மஜ்ஜையின் பிளாஸ்மா செல் புற்றான மைலோமாவிலும் வரும். எபிதீலியச் செல்களைக் காட்டும் சைட்டோகெரட்டின், நரம்பு-நாளமில்லாச் செல்களைக் காட்டும் சினாப்டோஃபைசின், ரத்த வெள்ளணுக்களைக் காட்டும் சி.டி.45 எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். நுரையீரலைச் சுட்டும் மார்க்கரான டி.டி.எஃப்-1 வரவில்லை என்பதால் நுரையீரலை விலக்கிவிடவும் முடியாது, ஸ்குவாமஸ் என்ற நுரையீரல் புற்று வகையில் அது பொதுவாக வராது.

ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக நகலெடுத்துப் பெருக்கிப் பார்க்கும் ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனை, சைட்டோகெரட்டின்-19ஐத் தேடுவதில் நுட்பமானதுதான். சரி, ஆனால் அந்த மரபணுவுக்கு அதைப் போலவே இருக்கும் போலி மரபணுக்கள் டி.என்.ஏ.வில் உண்டு. மாதிரியில் டி.என்.ஏ. கலந்திருந்தால் புற்றே இல்லாதவருக்கும் பாசிட்டிவ் வரும். அந்த நகலை எடுக்கும் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே ஓட்டிப் பாருங்கள். அதிலும் சிக்னல் வந்தால் அந்த முடிவை ரிப்போர்ட்டில் ஏற்றாதீர்கள்.